ஒன்பது வயதுப் பையனுக்கு மூன்று சி.டி. ஸ்கேன்: எவ்வளவு பயப்பட வேண்டும்?

கேள்வி நீளமானது, முதலில் சுருக்கிவிடுகிறேன். கேட்டிருப்பவர் புதுவயலில் இருக்கும் ஒரு தாய். மகனுக்கு ஒன்பது வயது. போன வருடம் வயிற்றுவலி என்று காரைக்குடியில் வயிற்றுக்கு சி.டி. எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. இந்த வைகாசியில் பள்ளத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் திண்ணையிலிருந்து தலைகுப்புற விழுந்தான். மூன்று தரம் வாந்தி, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை. தலைக்கு சி.டி. எடுத்ததில் மண்டையோட்டில் மெல்லிய விரிசல். மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே, கொண்டுபோன படம் தெளிவாக இல்லை என்று அன்றிரவே இன்னொரு சி.டி. இப்போது பையன் நன்றாக ஓடியாடுகிறான். ஆனால் தீராத மூக்கடைப்புக்காகப் பார்க்கும் மருத்துவர் சைனஸுக்கு சி.டி. எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்கிடையில் சிங்கப்பூரில் இருக்கும் கணவர், "ஒரு சி.டி. நானூறு எக்ஸ்ரேக்குச் சமம், பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும்" என்று யாரோ பேசும் வீடியோவை அனுப்பியிருக்கிறார். வீட்டில் அப்பத்தா, மாசமாக இருக்கும் சித்தி பக்கத்தில் பையனைப் படுக்க விடுவதில்லையாம்.

நான் மருத்துவன் இல்லை. மருத்துவ இயற்பியல் படித்துவிட்டு, எக்ஸ்ரே, சி.டி. இயந்திரங்களிலிருந்து வரும் கதிரின் அளவைச் சோதித்துச் சான்று கொடுப்பதைத் தொழிலாகச் செய்கிறவன். ஆகவே நோயைப் பற்றி உங்கள் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. கதிரைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

அப்பத்தா விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதுதான் சுலபம். எக்ஸ்ரே குழாயை நிறுத்திய நொடியில் கதிரும் நின்றுவிடும். அது உடம்புக்குள் தங்காது, பையனிடமிருந்து யாருக்கும் தொற்றாது. சித்தி பக்கத்தில் தாராளமாகப் படுக்கட்டும். இளநீர், மஞ்சள், துளசி என்று கதிரைக் "கழுவி எடுக்க" எதையும் கொடுக்க வேண்டியதும் இல்லை, கழுவுவதற்கு உள்ளே ஒன்றும் கிடையாது. அப்பத்தாவின் பயம் பொருந்துகிற இடம் ஒன்று உண்டு: ஊசியில் கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கும் எலும்பு ஸ்கேன், பெட் ஸ்கேன் போன்றவை. அந்த மருந்து உடம்பிலிருந்து சில மணி நேரம் கதிர் விடும் என்பதால், கர்ப்பிணிகளிடமிருந்து கொஞ்ச நேரம் தள்ளி இருக்கச் சொல்வார்கள். உங்கள் பையனுக்கு எடுத்தது அது இல்லை. வயிற்று சி.டி.க்கு, உறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக ஏற்றிய கான்ட்ராஸ்ட் மருந்து அயோடின் கலந்தது. அதில் கதிரியக்கம் இல்லை.

இனி அந்த நானூறு. இந்தப் பேச்சு நம் நாட்டில் பரவியது 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது. லேசான காய்ச்சல் வந்தவர்கள்கூட வரிசையில் நின்று நெஞ்சுக்கு சி.டி. எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது தில்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரன்தீப் குலேரியா, ஒரு சி.டி. 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம், இளம் வயதில் தேவையில்லாமல் எடுத்தால் பிற்காலத்தில் புற்றுநோய் ஆபத்து கூடும் என்று எச்சரித்தார். ரேடியாலஜி மருத்துவர்களின் சங்கம் உடனே மறுத்தது: இன்றைய கருவிகளில் மிகக் குறைந்த டோஸில் எடுத்தால் 5 முதல் 10 எக்ஸ்ரே அளவுதான் என்றது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. உடம்பில் விழும் கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்போம். ஒரு மார்பு எக்ஸ்ரே ஏறக்குறைய 0.02 மில்லிசீவர்ட். வழக்கமான மார்பு சி.டி. 5 முதல் 7 மில்லிசீவர்ட், அதை 0.02 ஆல் வகுத்தால் முந்நூறு சொச்சம் வரும். மிகக் குறைந்த டோஸ் அமைப்பில் அதே மார்பை 0.1, 0.2 மில்லிசீவர்ட்டில் எடுக்கவும் முடியும், அப்போது ஐந்தோ பத்தோதான். நீங்கள் போகிற மையத்தில் அன்றைக்கு எந்த அமைப்பில் எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. என் அனுபவத்தில் அந்த "மிகக் குறைந்த டோஸ்" பேச்சில் இருக்கிற அளவுக்கு நடைமுறையில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இத்தனை எக்ஸ்ரேக்குச் சமம்" என்ற கணக்கே ஆளை மிரட்டத்தான் உதவும். மார்பு எக்ஸ்ரே அவ்வளவு சின்னது. எதை அதோடு ஒப்பிட்டாலும் மலைபோலத் தெரியும். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிற நம் பக்கத்துப் பையன்கள் மெடிக்கலுக்காக எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் போய்த் திரும்பும்போது வானத்திலிருந்து வந்து சேரும் கதிரும் ஏறத்தாழ அதே அளவுதான்.

சரியான அளவுகோல், நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் வானத்திலிருந்தும் நம்மேல் விழும் கதிர். உலக சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். உங்கள் பையனின் மூன்று ஸ்கேன்களை இதோடு வைத்துப் பார்ப்போம்.

தலை ஸ்கேன்கள் இரண்டின் டோஸ் பக்கத்தையும் படமெடுத்து இணைத்திருக்கிறீர்கள், நல்ல காரியம். இப்போதுள்ள சி.டி. இயந்திரங்கள் பெரும்பாலும் படங்களின் கடைசியில் இப்படி ஒரு பக்கத்தைத் தாமே எழுதி வைக்கும், யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் கொடுப்பதில்லை. அதில் டி.எல்.பி. என்று ஒரு எண் இருக்கும், அந்த ஸ்கேனில் மொத்தம் எவ்வளவு கதிர் செலுத்தப்பட்டது என்பதைக் காட்டுவது அது. முதல் ஸ்கேனில் 610, மதுரையில் 880. பத்து வயதை ஒட்டிய பிள்ளையின் தலைக்கு அந்த எண்ணை 0.0032 ஆல் பெருக்கினால் மில்லிசீவர்ட் கிடைக்கும். முதலாவது சுமார் 2, இரண்டாவது சுமார் 2.8. ஒரே தலை, ஒரே நாள், ஆனால் இரண்டாவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பெரியவர்களுக்கான அமைப்பை மாற்றாமலே எடுத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, 880 பெரியவர் தலைக்கு வருகிற எண். வயிற்று ஸ்கேனுக்கு டோஸ் பக்கம் இல்லை, ஆனால் ரிப்போர்ட்டில் "பிளைன் அண்ட் கான்ட்ராஸ்ட்" என்று இருக்கிறது. அதாவது மருந்து ஏற்றும் முன் ஒரு தடவை, ஏற்றிய பின் ஒரு தடவை, ஆக ஒரு ஸ்கேன் என்ற பெயரில் இரண்டு ஸ்கேன். அதை 7 என்று வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 12 மில்லிசீவர்ட் பக்கம். சும்மா இருந்தாலே ஐந்து வருடத்தில் அவன் வாங்கியிருக்கக்கூடிய அளவு.

இந்த 12 என்ன செய்யும்? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

கதிருக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களை 1950 முதல் விடாமல் கண்காணித்து வருவதிலிருந்து கிடைத்தது. அங்கே பலருக்கு விழுந்தது சி.டி.யைவிட மிக அதிகமான டோஸ். அதிலிருந்து கீழ்நோக்கிக் கோடு இழுத்துத்தான் சிறிய டோஸுக்கு ஆபத்தைக் கணித்தார்கள். அந்தக் கோடு சரியா என்று பல காலம் சண்டை நடந்தது. பிறகு சி.டி. எடுத்த பிள்ளைகளையே நேரடியாக எண்ண ஆரம்பித்தார்கள். 2012இல் பிரிட்டனில், 22 வயதுக்குள் சி.டி. எடுத்த சுமார் 1,78,000 பேரின் விவரங்கள் வெளிவந்தன. ரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் டோஸ் ஏற ஏறக் கூடின. மறு வருடம் ஆஸ்திரேலியாவில் 20 வயதுக்குள் சி.டி. எடுத்த 6,80,000 பேரில், எடுக்காதவர்களைவிட 24 சதவீதம் அதிகப் புற்றுநோய். 2023இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகள் சேர்ந்து ஒன்பதரை லட்சம் பேரைப் பார்த்ததிலும் அதே திசைதான். 2025இல் அமெரிக்காவிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் பிறந்த 37 லட்சம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, அவர்களில் ரத்தப் புற்றுநோய் வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு மருத்துவப் படங்களின் கதிர் காரணமாக இருக்கலாம் என்று கணித்தது.

"24 சதவீதம்", "பத்தில் ஒருவர்" என்று கேட்டதும் வயிறு கலங்கும். ஆனால் எதில் 24 சதவீதம்? பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருவதே அபூர்வம். அபூர்வமானது கால் பங்கு கூடினாலும் அபூர்வமாகவே இருக்கும். பிரிட்டன் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக்குட்பட்ட 10,000 பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு சி.டி. எடுத்தால், அடுத்த பத்து வருடத்தில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோய், ஒரு மூளைக் கட்டி. ஐரோப்பிய ஆய்வு இன்றைய டோஸ்களை வைத்துச் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: 10,000 பிள்ளைகளுக்கு ஒன்றோ இரண்டோ ரத்தப் புற்றுநோய், பன்னிரண்டு வருடத்தில்.

இது இளமைக்குள் வருவது. வாழ்நாள் முழுவதற்கும் கணக்குப் போட்டால் எண் கொஞ்சம் பெரிதாகும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2006இல் வெளியிட்ட அட்டவணைகளின்படி, பத்து வயதுப் பையனுக்கு 12 மில்லிசீவர்ட் என்றால் ஆயிரத்துக்கு இரண்டுக்கும் குறைவான கூடுதல் ஆபத்து. நம் நாட்டில் ஒன்பது பேரில் ஒருவருக்கு 75 வயதுக்குள் எப்படியும் ஏதோ ஒரு புற்றுநோய் வரக்கூடும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணிப்பு. ஆயிரம் பையன்கள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேருக்கும் உங்கள் மகனுக்கு எடுத்த மூன்று ஸ்கேனையும் எடுத்தால், வாழ்நாளில் புற்றுநோய் வருகிறவர்கள் 111 என்பது 113 ஆகும். அந்த இரண்டு பேர் யார் என்று எந்தக் காலத்திலும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வருடா வருடம் ரத்தப் பரிசோதனை, உடம்பு முழுக்க செக்கப் என்று அவனை இழுத்துக்கொண்டு அலைவதில் பிரயோசனம் இல்லை என்பதும் இதனால்தான்.

இந்த எண்ணில் சந்தேகம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, இரண்டு விதமாக. ஒன்று, தலைவலி, வலிப்பு என்று ஏற்கெனவே ஒளிந்திருக்கும் கட்டியின் அறிகுறிக்காகத்தான் சிலருக்கு ஸ்கேனே எடுத்திருப்பார்கள். அப்போது ஸ்கேன் கட்டியை உண்டாக்கியது போலக் கணக்கில் விழும். ஆய்வாளர்கள் ஸ்கேனுக்குப் பிந்தைய முதல் சில வருடங்களை ஒதுக்கிவிட்டு எண்ணியும், பிரிட்டன் தரவை மறுபடி அலசியும் பார்த்தார்கள். ஆபத்து குறைந்தது, மறையவில்லை. இரண்டாவது, நம் பக்கத்திலேயே கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலில் இருக்கும் தோரியம் என்ற கதிரியக்கப் பொருளால் இயற்கைக் கதிர் மற்ற இடங்களைவிட மிக அதிகம். அங்கே ஏறக்குறைய 70,000 பேரைக் கண்காணித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், கதிர் கூடுவதற்கேற்பப் புற்றுநோய் கூடவில்லை. இதைக் காட்டி "சி.டி.யால் ஒன்றும் ஆகாது" என்று வாதிடுகிற மருத்துவர்களும் உண்டு. எனக்கு அது முழுதும் ஒப்புதல் இல்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 30 வயதுக்கு மேற்பட்டவர்கள். அவர்கள்மேல் விழுந்தது வருடக்கணக்கில் துளித்துளியாக. ஒன்பது வயதுத் தலைக்கு சில நொடிகளில் விழுவது வேறு கதை.

பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விசாரம் என்று கேட்டிருந்தீர்கள். வளரும் உடம்பில் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. பிரியும்போது மரபணுவில் விழுந்த அடி நிலைத்துவிட வாய்ப்பு அதிகம். இரண்டாவது, அந்த அடி புற்றுநோயாக முதிரப் பல பத்தாண்டுகள் ஆகலாம், எழுபது வயது ஐயாவுக்கு அந்தக் காலம் மிச்சமில்லை, பேரனுக்கு இருக்கிறது. மூன்றாவது, ரத்தம் ஊறும் மஜ்ஜை பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முதுகெலும்பிலும் இடுப்பிலும் இருக்கும். பிள்ளைகளுக்கு மண்டையோட்டிலேயே நிறைய இருக்கும். தலைக்கு எடுத்த சி.டி. ரத்தப் புற்றுநோயைத் தொடுவது இதனால்தான். சின்ன உடம்புக்குப் பெரியவரின் அமைப்பைப் போட்டால் உறுப்புகளுக்குப் போய்ச் சேரும் டோஸும் கூடிவிடுகிறது. பெண் பிள்ளைகள் என்றால் மார்பகமும் தைராய்டும் சேர்ந்துகொள்ள, அதே டோஸுக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. முதுகு வளைவுக்காகச் சிறு வயதில் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்த அமெரிக்கப் பெண்கள் 5,573 பேரைப் பார்த்தார்கள். சராசரியாக ஆளுக்கு 25 எக்ஸ்ரே. மார்பகப் புற்றுநோய் மரணம் அவர்களிடம் 70 சதவீதம் அதிகம். அது பழைய கருவிகளின் காலம், டோஸ் மிக அதிகம். ஆனாலும் முதுகு வளைவுக்குத் தொடர்ந்து எக்ஸ்ரே எடுக்கும் பெண் பிள்ளை வீட்டில் இருந்தால், முதுகுப்பக்கத்திலிருந்து கதிர் விழும்படி நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள். மார்புக்குப் போவது நன்றாகக் குறையும்.

உங்கள் மூன்று ஸ்கேனுக்கு வருகிறேன். பள்ளத்தூரில் விழுந்த அன்று எடுத்த முதல் தலை ஸ்கேன் எடுக்கவேண்டியதுதான். அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000 பிள்ளைகளை வைத்து 2009இல் உருவாக்கிய விதிமுறை ஒன்றைப் பல நாடுகளில் அவசர சிகிச்சை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நினைவு தெளிவாக இருந்து, மயக்கம், வாந்தி, கடும் தலைவலி எதுவும் இல்லாமல், பெரிய உயரத்திலிருந்து விழாமல், மண்டையின் அடிப்பகுதி உடைந்த அடையாளமும் இல்லாவிட்டால், உள்ளே ஆபத்தான காயம் இருக்கும் வாய்ப்பு 2,000இல் ஒன்றுக்கும் குறைவு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஸ்கேன் வேண்டாம். வாந்தி மட்டும் என்றால் நாலைந்து மணி நேரம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் கூப்பிட்டால் பதில் சரியில்லை, காதிலிருந்து ரத்தம் அல்லது நீர், கண்ணைச் சுற்றிக் கன்றிப்போதல் என்றால் நூற்றுக்கு நான்கு பேருக்கு உள்ளே காயம் இருக்கும். நூற்றுக்கு நான்கையும் பத்தாயிரத்துக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் மருத்துவர் ஏன் தயங்கவில்லை என்று புரியும். "நான்தான் சம்மதித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சம்மதிக்காமல் இருந்திருந்தால்தான் தவறு.

வயிற்று ஸ்கேனைப் பற்றி என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது, அன்றைக்கு மருத்துவர் என்ன பார்த்தார் என்று தெரியவில்லை. ஆனால் பிளைன், கான்ட்ராஸ்ட் என்று இரண்டு தடவை எடுத்தது பெரும்பாலும் வீண். பிள்ளைகளின் வயிற்றுக்கு மருந்து ஏற்றி ஒரே தடவை எடுத்தால் போதுமான சமயங்களே அதிகம்.

எனக்குக் கோபம் வருவது மதுரை ஸ்கேன் மேல்தான். மறுபடி எடுக்க நியாயமான காரணங்கள் உண்டு: பையன் மயங்கிக்கொண்டே போனால், கை கால் இழுத்தால், முதல் படத்தில் ரத்தக்கசிவு இருந்து அது வளர்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது எதுவும் இல்லை. கையில் இருந்தது ஃபிலிமும் வாட்ஸ்அப்பில் வந்த புகைப்படமும் மட்டும். ஃபிலிமில் நாலைந்து டஜன் சின்னச் சின்னப் படங்கள்தான் இருக்கும். மருத்துவர் உண்மையில் பார்க்க வேண்டியது, கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து எலும்பையும் மூளையையும் தனித்தனியாகப் பார்க்கிற முழுக் கோப்பு. அது குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ கிடைக்கும். நம் பக்கத்தில் காரைக்குடியில் எடுத்து மதுரைக்கோ திருச்சிக்கோ போவது வாடிக்கை. ஆகவே ஸ்கேன் எடுத்த இடத்தை விட்டுக் கிளம்பும் முன், ரிப்போர்ட் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தாலும் இரண்டு நிமிட வேலைதான்.

இப்போது சைனஸ். மூக்கடைப்பு, சளி, லேசான தலைவலி என்று வரும் பிள்ளைக்கு சைனஸ் தொற்றைக் கேட்டும் பார்த்தும்தான் முடிவு செய்ய வேண்டும், படம் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 2013 வழிகாட்டுதல். சாதாரணச் சளி பிடித்த பிள்ளைக்குக்கூட சைனஸ் படம் மங்கலாகத்தான் தெரியும் என்பதால் படத்தை வைத்து ஒன்றும் நிச்சயமாகாது. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வைக் கோளாறு, கடும் காய்ச்சலோடு தலைவலி, அல்லது அறுவை சிகிச்சைத் திட்டம் இருந்தால் மட்டும் சி.டி. தேவை. உங்கள் மருத்துவரிடம் சண்டைக்குப் போகாமல் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், போன ஒரு வருஷத்துல இவனுக்கு மூணு சி.டி. ஆயிருச்சு. இந்தப் படத்துல என்ன வந்தா மருந்தை மாத்துவீங்க? கொஞ்ச நாள் மருந்து போட்டுப் பாத்துட்டு எடுத்தா ஆகாதா?" அந்த மூன்றைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் எடுங்கள். சைனஸைக் குறைந்த டோஸில் அரை மில்லிசீவர்ட்டுக்குள் முடித்துவிடலாம், எலும்பும் காற்றும்தானே தெரிய வேண்டும். டெக்னீசியனிடம் "பிள்ளைக்கான செட்டிங் போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். முகத்தில் அடித்தாற்போல இருக்கும் என்று கூச்சப்படாதீர்கள், நல்ல டெக்னீசியன் கோபித்துக்கொள்ள மாட்டார். கூட நிற்பது நீங்கள் என்றால் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். சித்தியை அந்த அறைக்குள் அனுப்பாதீர்கள். மையத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும் என்பது சட்டம், கேட்டால் காட்டத் தயங்குகிற இடத்தில் எடுக்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்தக் கதிரே இல்லை. வயிற்றுவலி திரும்ப வந்தால் முதலில் அல்ட்ராசவுண்ட். குடல்வால் வீக்கத்தைப் பிள்ளைகளுக்கு அதிலேயே பல நேரம் பார்த்துவிடலாம், ஒல்லியான உடம்பு என்பதால் பெரியவர்களைவிடத் தெளிவாகத் தெரியும். அதில் தெளிவாகாமல், வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் ஏறி, சர்ஜன் சி.டி. வேண்டும் என்று சொன்னால், பழைய மூன்றையும் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். எண்ண வேண்டியது அந்த ஒன்றை மட்டும்: மருந்து ஏற்றி, ஒரே தடவை, பிள்ளைக்கான அமைப்பில்.